'இஞ்சை வா' என்றால் வரும் கொரில்லா

"உனக்கு இருமல், சளி ஏதும் இருக்கோ?" என்று சின்யோரா கேட்டபோது நான் அவவின் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு நிறுத்தப்போகிறாவோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இல்லை சின்யோரா, நான் நல்ல சுகமாத்தான் இருக்கிறன்."

"காசநோய்?"

"ஐயோ, இல்லை!"

"நாளைக்கு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பம். எல்லாம் சரியெண்டால் உன்னை ஒருத்தியிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இத்தாலிக்கு, பலெர்மோ நகரத்துக்கு வந்து நாலு வருஷமாகியிருந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் நானும் கணவரும் இருந்தோம். அவருக்கு மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. எனக்கு சின்யோராவின் வீட்டில் வேலை. சின்யோரா மிருக வைத்தியர். கீழ்த்தளத்தில் கிளினிக், மேல்தளத்தில் வீடு. நான் மேலே மட்டும்தான். கீழே நாய் குரைக்கும் சத்தம் கேட்டாலே படியில் நின்றுவிடுவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அவ ஒரு கொரில்லாவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா.

கொரில்லா என்ற சொல்லை அவ காரில் ஏறிய பிறகுதான் சொன்னா. மனுசரின் சளியும் காசநோயும் கொரில்லாவுக்குத் தொற்றுமாம், அதற்குத்தான் எக்ஸ்ரே. முன்னமே சொல்லியிருந்தால் நான் எக்ஸ்ரேயில் இருமியிருப்பேன்.

நகரத்துக்கு வெளியே, மலையடியில், ஒரு தனியாருக்குச் சொந்தமான சின்ன மிருகக்காட்சிச்சாலை இருந்தது. உரிமையாளருக்கு வயது போய்விட்டது, மூடப்போகிறார். மிருகங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட, மிஞ்சி நின்றவள் இவள். குட்டியாக வந்தவள். கூட இருந்த ஆண் மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போனது. அதற்குப் பிறகு தனி.

"கொரில்லா தனிய இருக்கிற சீவன் இல்லை" என்று சின்யோரா கார் ஓட்டியபடி சொன்னா. "முதுகு வெள்ளியா நரைச்ச ஒரு பெரிய ஆண், அவனோடை ரெண்டு மூண்டு பெண்கள், பிள்ளையள். அதுதான் குடும்பம். ஐரோப்பாவிலை இருக்கிற மிருகக்காட்சிச்சாலையள் எல்லாம் சேர்ந்து ஒரு குழு வைச்சிருக்கினம். ஒவ்வொரு கொரில்லாவுக்கும் தாய் ஆர், தகப்பன் ஆர், என்ன குணம் எண்டு அவையிட்டைப் பதிவு இருக்கு. ஆர் எங்கை போறது எண்டு அவைதான் முடிவெடுக்கிறது."

"சாதகம் பார்க்கிற மாதிரி" என்றேன் நான்.

சாதகம் என்றால் என்ன என்று விளக்கி முடிக்க மலையடி வந்துவிட்டது. அவவுக்கு அது நல்லாகப் பிடித்துக்கொண்டது. கொரில்லாவுக்கு செவ்வாய் தோஷம் உண்டா என்றுகூடக் கேட்டா.

குழு ஏற்கனவே முடிவெடுத்திருந்தது. ஜேர்மனியின் வடக்கே ஒரு மிருகக்காட்சிச்சாலை. அங்கே ஒரு ஆண், மூன்று பெண்கள். வளர்ந்த மகள் ஒன்றை வேறு நாட்டுக்கு மாற்றியதால் இன்னொரு பெண்ணுக்கு இடம் இருந்தது. ஒரேயொரு சிக்கல்: பயணப் பெட்டிக்குள் இவள் தானாகப் போகவேண்டும். மயக்க ஊசி போட்டு ஏற்றலாம், ஆனால் கப்பலும் லொறியுமாக அவ்வளவு நீண்ட பயணத்துக்கு முன் மயக்குவது ஆபத்து. இவளோ சின்யோராவைக் கண்டால் பல்லைக் காட்டுவாள். இத்தனை வருஷமும் ஊதுகுழாயால் ஊசி அடித்தது சின்யோராதானே. அங்கே வேலை செய்த ஆண்கள் அப்போது அவளை மடக்கி நின்றவர்கள். அவர்களையும் அவளுக்குப் பிடிக்காது.

"அவளை ஒருநாளும் நோகப்பண்ணாத முகம் ஒண்டு வேணும். நீ சத்தம் போடாமல் வேலை செய்யிறனி. அதுதான் உன்னைக் கேட்டன்."

முதல் நாள் உள்ளே போனபோது அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கதவுச் சத்தத்துக்குத் திரும்பினாள். சின்யோராவைக் கண்டதும் கையில் இருந்த பாதி முட்டைக்கோவாவை எறிந்தாள். கம்பி வலையில் பட்டுச் சிதறி அவவின் வெள்ளைக் கோட்டெல்லாம் இலை. எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் என்னைப் பார்த்தாள். கறுப்பு முகத்தில் மண்ணிறக் கண்கள்.

"கண்ணைப் பாராதை" என்று சின்யோரா மெதுவாகச் சொன்னா. "அது சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் என்று மட்டும் சொல்லமுடியாது. நாளைக்கும் வரவேண்டும் என்று அப்போதே மனம் அவசரப்பட்டது.

அடுத்த நாளிலிருந்து மத்தியானங்கள் அவளுக்கு என்றாகின. காலையில் வுச்சீரியா சந்தையைச் சுற்றி, வியாபாரிகள் வெட்டி எறியும் இலைகளைப் பை நிறையச் சேர்ப்பேன். பெருஞ்சீரகம் மணக்கும் கிழங்கின் தோகைதான் அவளுக்கு உயிர்.

"எத்தினை முயல் வளர்க்கிறாய்?" என்று மரக்கறிக்காரர் ஒருவர் கேட்டார்.

"ஒண்டுதான். தொண்ணூறு கிலோ."

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டு கட்டு எடுத்துப் போட்டார்.

பெட்டியை அவளுடைய கூட்டுக் கதவோடு பொருத்தி வைத்திருந்தார்கள். மரத்தாலும் இரும்பாலும் செய்த, ஒரு ஆள் குனிந்து நிற்கக்கூடிய பெட்டி. நான் அதன் மறுமுனையில், வலைக்கு வெளியே, ஒரு சின்ன ஸ்டூலில் இருப்பேன். இலையை உள்ளே வைப்பேன். என் சாப்பாட்டுப் பாசலைப் பிரித்துச் சாப்பிடுவேன். கதைப்பேன். வேறு ஆளில்லாத இடத்தில் இத்தாலி மொழி எதற்கு? தமிழில்தான் கதைத்தேன். "இஞ்சை வா. ஏன் அங்கை இருக்கிறாய்? இஞ்சை வாவன்" என்று.

முதல் கிழமை அவள் அசையவில்லை. இரண்டாம் கிழமை ஒரு கை மட்டும் பெட்டிக்குள் வந்தது, தோகையைப் பறித்துக்கொண்டு போனது. அந்தக் கையைப் பார்த்தீர்களென்றால்! நகம், ரேகை, மடிப்பு எல்லாம் எங்களுடையது மாதிரி, என் கையைவிட மூன்று மடங்கு. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது என் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் கிழமை முழுதாக உள்ளே வந்து இருந்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு விரல் தடிப்பு வலை. அவளுடைய மூச்சு முகத்தில் பட்டது. நான் "கெட்டிக்காரி" என்றேன். அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டாள், பெரிய ஆள் ஒருவர் சாப்பிட்ட திருப்தியில் செருமுவது மாதிரி.

பிறகு நாளுக்குக் கொஞ்சமாகக் கதவை இறக்கப் பழக்கினோம். ஒரு சாண், இரண்டு சாண், பாதி. கதவு முதல்முறை முழுக்க இறங்கிய அன்று நான் பத்துவரை எண்ணினேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தோகையைத் தொடர்ந்து சாப்பிட்டாள். கதவைத் தூக்கியதும் நான் வெளியே ஓடிப்போய்ச் சின்யோராவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அதற்குமுன் அவவின் கையைக்கூட நான் தொட்டதில்லை.

அன்றைக்குத்தான் சின்யோரா மறைந்து நின்று முழுவதையும் பார்த்திருந்தா. "நீ ஏதோ சொல்லுறாய், அவள் செய்யிறாள். என்ன பாஷை அது?"

"தமிழ்."

"எத்தினை சொல்லு தெரியும் அவளுக்கு?"

எண்ணிப் பார்த்தேன். இஞ்சை வா. இரு. கையைக் காட்டு. முதுகைக் காட்டு. பொறு. ஐந்து. கெட்டிக்காரியையும் சேர்த்தால் ஆறு.

சின்யோரா சிரிக்கத் தொடங்கினா, பிறகு சட்டென்று நிறுத்தினா. "கடவுளே! ஜேர்மனியிலை இதை ஆர் சொல்லுறது?"

உடனே ஜேர்மனிக்குப் பக்ஸ் பறந்தது. அடுத்த நாளே பதில் வந்தது. என்னைக் கூடவே அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். என் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடந்தது. கையில் ஒரு ரசீதுத் துண்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்டமுடியாது. விஷயத்தைக் கேட்டு என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாரப்பா, எங்கடை சனம் ஜேர்மனிக்குப் போக என்ன பாடு படுது! இவளுக்கு ரத்தப் பரிசோதனை, பேப்பர், சீல், எல்லாம் ரெண்டு மாதத்திலை. அவளிட்டைச் சொல்லி எங்களுக்கும் ஒரு ஸ்பொன்ஸர் எடு."

"உங்களுக்குப் பகிடி. அங்கை அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காட்டி என்ன செய்யிறது?"

கடைசியில் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். அங்கே கொரில்லாக்களைப் பராமரிக்கும் பெண் பத்து நாள் முன்னதாக பலெர்மோவுக்கு வருவாள், என்னிடம் பழகுவாள், கொரில்லாவோடேயே திரும்பிப் போவாள்.

ஜேர்மன்காரி வந்து இறங்கினாள். ஆறடி உயரம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமயிர், இருபத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் இத்தாலியன் கதைப்பாள். வந்த அன்றே என் ஆறு சொற்களையும் போல்பொயின்ற் பேனையால் தன் முன்கையில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது கையைப் பார்த்து முணுமுணுப்பாள். எங்கள் வீட்டில் சாப்பிட வந்து, உறைப்பில் கண்ணீர் ஓட ஓட, "கெட்டிக்காரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என் கணவரை வைத்தும் பயிற்சி நடந்தது. "இரு" என்பாள், அவர் கதிரையில் இருப்பார். "முதுகைக் காட்டு" என்பாள், அவர் திரும்பி நிற்பார். "என்ரை மனிசி சொல்லிக் கேக்காத ஆள் நான்" என்று அவர் அவளுக்கு விளக்க முயன்றார்.

ஆனால் கூட்டுக்கு முன்னால் சொல் எடுபடவில்லை. ஜேர்மன்காரி "இரு!" என்றாள். கொரில்லா எழுந்து நின்று நெஞ்சில் தட்டினாள்.

"நீ உத்தரவு போடுறாய்" என்றேன். "அப்பிடி வேண்டாம். இழுத்துச் சொல்லு. இரூ... பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி."

இரண்டு நாள் இழுத்துச் சொல்லிப் பழகினாள். மூன்றாம் நாள் நான் வாயே திறக்கவில்லை. ஜேர்மன்காரி ஸ்டூலில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி, "இஞ்சை வா" என்றாள். கொரில்லா எழுந்து, நாலு காலில் நடந்து வந்து, பெட்டிக்குள் இருந்தாள். ஜேர்மன்காரி என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய வாய் திறந்தபடி நின்றது.

புறப்படும் நாள் வந்தது. லொறி வந்தது, பாரம் தூக்கும் வண்டி வந்தது. உரிமையாளர் சொந்தக்காரர் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். சுங்கக்காரர்கள் இரண்டு பேர், படம் பிடிக்க ஒருவர். பின்னேரக் கப்பலுக்கு ஐந்து மணிக்கு முன் துறைமுகத்தில் நிற்கவேண்டும். பெட்டி தயார், கதவு திறந்தபடி, உள்ளே தோகை.

அவள் கூட்டின் மறுமூலையில் போய் இருந்துகொண்டாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. ஜேர்மன்காரி கூப்பிட்டாள், திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. லொறிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சின்யோரா போய்த் தன் பையைத் திறந்து ஊதுகுழாயை எடுத்தா.

என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "வேண்டாம்! எல்லாரையும் வெளியிலை போகச் சொல்லுங்கோ. நீங்களும் போங்கோ."

வீடு கூட்டுகிற பெண் சின்யோராவை வெளியே போகச் சொல்லுகிறாள். அவ என்னை ஒரு கணம் பார்த்தா. பிறகு கையைத் தட்டி, உரிமையாளர் உட்பட எல்லோரையும் கோழி கலைப்பது மாதிரிக் கலைத்துக்கொண்டு வெளியே போனா. நானும் ஜேர்மன்காரியும் மட்டும் நின்றோம்.

ஒவ்வொரு நாளும் செய்வது போல விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டினேன். கூட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனபோதுதான் மூக்கில் அடித்தது. மருந்து மணம். யாரோ காலையில் பெட்டியைக் கிருமிநாசினி போட்டுக் கழுவி, புது வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று துப்புரவாக்கியிருக்கிறார்கள்! இரண்டு மாதமாக அவள் இருந்து இருந்து தன்னுடையதாக்கிய இடத்தில் அவளுடைய மணம் ஒரு துளியும் இல்லை.

"பழைய வைக்கோல் எங்கை?"

ஜேர்மன்காரி ஓடினாள். குப்பைக் குவியலில் இருந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள், கொரில்லா முதுகுக்கு வைத்துச் சாயும் கிழிந்த சாக்கையும் கண்டுபிடித்துவிட்டாள். பெட்டியின் பக்கக் கதவால் உள்ளே தள்ளினோம். பிறகு இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம். நான் என் சாப்பாட்டைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். வழக்கம்போல மென்றேன்.

கொரில்லா மூக்கை உயர்த்தினாள். இரண்டு அடி வந்தாள், நின்றாள்.

ஜேர்மன்காரி என் முழங்கையைத் தட்டி, நீ கூப்பிடு என்று கண்ணால் கேட்டாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். இனி இவளோடு இருக்கப்போவது நான் இல்லை. இந்தப் பயணத்தைத் தொடக்கவேண்டியது போகிறவளுடைய குரல்தான்.

"இஞ்சை வா" என்றாள் ஜேர்மன்காரி. இழுத்து, மெதுவாக, யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் மாதிரி.

அவள் வந்தாள். சாக்கை முகர்ந்தாள், முதுகுக்கு வைத்தாள், இருந்தாள். கதவு இறங்கியது. பூட்டு விழுந்த சத்தத்துக்கு வெளியே இருந்து ஒரே கைதட்டல். நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்ததாகச் சின்யோரா பிறகு சொன்னா. கப்பல் பின்கதவால் லொறியை விழுங்கும்வரை துறைமுகத்தில் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஜேர்மன்காரி லொறி யன்னலால் உடம்பில் பாதியை வெளியே போட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை.

அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான பரபரப்பு அதற்குப் பிறகுதான். புதுப் பெண்ணை எடுத்தவுடன் குடும்பத்துக்குள் விடமாட்டார்களாம். முதலில் பக்கத்துக் கூட்டில், வலையால் பார்க்க, மணம் பிடிக்க. பிறகு ஒவ்வொருவராக. யாரோடு முதலில் விடுவது என்று குழுவுக்குள்ளே வாக்குவாதம். ஆணோடு விட்டால் அவன் மற்றப் பெண்களிடமிருந்து காப்பாற்றுவான் என்று ஒரு பகுதி. வயதான பெண்ணோடு தொடங்கவேண்டும் என்று இன்னொரு பகுதி. சின்யோராவின் பக்ஸ் மெஷின் ஓய்வில்லாமல் தாள் கக்கியது.

நான் ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். சின்யோரா என்னை மேசையில் இருத்தி, அதை வாசித்துச் சொல்லச் சொன்னா. இங்கே மிருகக்காட்சிச்சாலையில் காது கேளாத ஒரு கிழட்டு நாய் இருந்தது. அது வலையோரம் படுத்தால், இவள் தன் இலையில் ஒன்றை வலைக்கு அடியால் அதற்குத் தள்ளிவிடுவாள். நாய் இலை தின்னாது, ஆனாலும் தள்ளுவாள். அதை நான் ஐந்து தரம் எழுதியிருந்தேன்.

"கிழவியோடை முதல் விடச் சொல்லுங்கோ" என்றேன்.

சின்யோரா அதை அப்படியே எழுதி அனுப்பினா. அப்படியே செய்தார்கள். வயதான பெண்ணும் இவளும் முதல் நாளே முதுகோடு முதுகு சாய்ந்து இருந்தார்களாம். இரண்டாவது பெண்ணோடும் பிரச்சினை இல்லை. மூன்றாவது பெண் இவளின் கையைக் கடித்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று நான் சமைத்த கறியில் உப்பே போடவில்லை. மூன்று நாள் பொறுத்து மறுபடி விட்டார்கள், அடங்கிவிட்டது. கடைசியாக அந்த ஆண். இருநூறு கிலோ.

அன்று நான் சின்யோராவின் வீட்டில் உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கூட்டுக்கு மேலே உள்ள அறையிலிருந்து, கண்ணாடியால் பார்த்தபடி ஜேர்மன்காரி கதைக்கிறாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, சின்யோரா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தா.

"கதவைத் திறந்திட்டினம். அவன் வெளியிலை வாறான். நிமிர்ந்து நிக்கிறான்."

"அவள்?"

"கிழவிக்குப் பக்கத்திலை. அவன் ஓடுறான்... நேரா அவளைப் பார்த்து ஓடுறான்..." சின்யோரா வாயைப் பொத்திக்கொண்டா.

"சொல்லுங்கோ! என்ன?"

"கத்துறாளாம். நிலத்தோடை படுத்திட்டாள். கிழவி எழும்பி நடுவிலை நிக்கிறாள். கிழவி அவனைப் பார்த்துக் கத்துறாள்! அவன் சுத்திக்கொண்டு போறான்... இருக்கிறான். முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான்."

சின்யோரா ரிசீவரை என் காதிலும் சேர்த்துப் பிடித்தா. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். திடீரென்று ஜேர்மன்காரி இத்தாலியனில் எனக்காகவே சொன்னாள்: "சாப்பிடுகிறாள். அவனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறாள்!"

நானும் சின்யோராவும் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினோம். அறை முழுக்கப் புகை மணத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அயர்ன் பெட்டி சின்யோராவின் வெள்ளைச் சட்டையில் கிடந்தது. முதுகுப் பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு முக்கோணம்.

எனக்கு அந்த நேரம் வந்த துணிச்சல் வேறு எப்போதும் வந்திருக்காது. "சின்யோரா, எனக்கு இனி மேல்வீட்டு வேலை வேண்டாம். கீழை, கிளினிக்கிலை வேலை தாங்கோ."

அவ எரிந்த சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தா. "தரத்தான் வேணும். அயர்ன் வேலைக்கு நீ சரிவரமாட்டாய்."

திங்கட்கிழமை காலை, கிளினிக்கில் என் முதல் வேலையாக ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் பெருவிரலை நல்லாகக் கடித்தது. நான் விடவில்லை.